எனக்குத் தோன்றாத முட்டை

நான் முட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் எங்கள் அப்பா ஒரு ஹேச்சரி வைத்திருந்தார். குஞ்சு பொரிக்கிற முட்டைகளை வாங்கி வந்து இருபத்தோரு நாள் இயந்திரத்தில் வைத்து, பிறந்து ஒரே நாளான குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாகப் பண்ணைகளுக்கு அனுப்புவது தொழில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வேலை, இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உயிர் உள்ளது எது, செத்தது எது என்று பிரித்து வைப்பது. பன்னிரண்டு வயதில் என் கண் தவறியதே இல்லை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஹேச்சரியை மூடிவிட்டு, சாப்பாட்டு முட்டைப் பண்ணையாக மாற்றிக்கொண்டான். நான் படித்து, உயிர்வேதியியலில் பட்டம் வாங்கி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த காரியத்தை, தெரியாமல் செய்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் பிரிவின் வேலை புற்றுநோய்க்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் நடக்கிற சண்டையைப் பற்றியது. நம் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு அணுக்கள் புற்றுக்கட்டியைக் கொல்லக்கூடியவைதான். ஆனால் கட்டி அவற்றை ஏமாற்றித் தூங்க வைத்துவிடும். அந்த அணுக்களை எழுப்பிவிடுகிற மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரு நோயாளிக்கு வேலை செய்கிற மருந்து பக்கத்துக் கட்டில்காரருக்கு வேலை செய்வதில்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே, இவருக்கு இது கேட்குமா கேட்காதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். அதற்கு அந்த நோயாளியின் கட்டியையும் அவருடைய எதிர்ப்பு அணுக்களையும் உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்துச் சண்டை போட விட வேண்டும். உலகம் முழுக்க இதற்குத்தான் புதுப்புதுக் கருவிகள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சிலிக்கான் ரப்பர் சிப். அதில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். நடுவில் இருக்கிற குழியில் கட்டியின் சீவலை வைத்து, வாய்க்கால் வழியாக எதிர்ப்பு அணுக்களை ஓட விடுவேன். மூன்று வருடம் அதில் போயிற்று. வாய்க்காலில் ஒரு காற்றுக்குமிழ் புகுந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். குமிழ் வராத நாளிலும் திசு இரண்டு நாளைக்கு மேல் உயிரோடு இருக்காது. இருந்தாலும் துறையில் எல்லோரும் அதை 'மேடத்தோட சிப்' என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே பேசிப் பழகியதால் லேபிலும் சத்தமாகத்தான் பேசுவாள். வந்த முதல் வாரமே என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. திசுவை உறைய வைத்துச் சீவுகிற இயந்திரத்தில் கை வெட்டிக்கொள்ளாமல் வேலை செய்ய நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானம் என் டப்பாவில் இருக்கிற பச்சைப்பயிறு கடையலைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஆறு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை, துறைக் கூட்டம். எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நோயியல் மருத்துவர், குறைவாகப் பேசுகிற மனிதர். யாருக்காவது புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் எழுந்தாள்.

"சார், நாமக்கல் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. நாம ஏன் கோழி முட்டையில பண்ணிப் பார்க்கக் கூடாது?"

அது அவளுடைய கண்டுபிடிப்பு இல்லை. கரு வளர்கிற முட்டைக்குள் ஓட்டை ஒட்டினாற்போல ஒரு சவ்வு படரும். முழுக்க ரத்தக் குழாயாக இருக்கும். அதன் மேல் மனிதக் கட்டியின் துண்டை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு வளரும். குஞ்சுக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி கடைசி நாட்களில்தான் முதிர்வதால், இது யாருடைய சதை என்று அது தள்ளிவிடாது. வெளிநாடுகளில் ரொம்ப காலமாக இதைச் செய்கிறார்கள். அவள் புதிதாகச் சொன்னது அடுத்த படி. அதே நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, முட்டைக்குள் விட்டு, அவை கட்டிக்குள் நுழைகின்றனவா என்று கண்ணால் பார்ப்பது. பிறகு மருந்தோடும் மருந்தில்லாமலும் ஒப்பிடுவது. ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு முட்டை, இரண்டு வாரத்தில் பதில்.

தலைவர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நாமக்கல்காரங்க நீங்க இருக்கீங்க. உங்களுக்கு எப்படிம்மா இது தோணாம போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அஸ்தம்பட்டியில் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியவள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அது என்னை விட்டுப் போகவில்லை. அந்தச் சவ்வை என் கையால் ஆயிரம் முறை கிழித்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த ரத்தக் குழாய்கள் மரக்கிளை போலப் படர்வதைப் பத்து வயதிலிருந்து பார்த்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை. தறி வீட்டுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

அதன் பிறகு அவளிடம் எதைப் பார்த்தாலும் எனக்கு எரிந்தது. இன்குபேட்டர் வைக்க இடம் வேண்டும் என்று என் ரப்பர் அச்சுகள் இருந்த அலமாரியை நகர்த்தினார்கள். அது எரிந்தது. தலைவர் காலையில் வந்ததும் முதலில் முட்டை அறைக்குப் போவார். முன்பெல்லாம் என் மேஜைக்குத்தான் வருவார். அது எரிந்தது. மூன்றாம் நாள் முட்டையின் ஓட்டில் ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே ஒரு துளி ஓட்டுத்தூள் விழக் கூடாது. அவள் கைக்கு அது பத்தே நாளில் படிந்துவிட்டது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் படிக்கிற கட்டுரைகளையெல்லாம் நானும் வீட்டில் உட்கார்ந்து படித்தேன், கற்றுக்கொள்ள அல்ல. எங்காவது ஓட்டை கிடைக்குமா என்று பார்க்க.

தை மாதத்தில் அவளுடைய முதல் மூன்று முட்டைகளில் கட்டி பிடித்துக்கொண்டது. துறையே போய்ப் பார்த்தது. நான் கடைசியாகப் போனேன். ஜன்னலுக்குள் வெளிறிய ஒரு துண்டு, அதை நோக்கிச் சுற்றிலுமிருந்து புதிய ரத்தக் குழாய்கள் சக்கரத்தின் ஆரக்கால் போல ஓடி வந்திருந்தன. அழகாக இருந்தது. "நல்லா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பங்குனி பிறந்ததும் முட்டைகள் சாக ஆரம்பித்தன.

முதல் தட்டை அவள் விளக்கில் பிடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பத்தில் மூன்று முட்டையில் மஞ்சள் கருவின் மேல் மெல்லிய சிவப்பு வளையம். கரு ஓரிரு நாளிலேயே செத்து ரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கினால் வருகிற வளையம் அது. மீதி முட்டைகளிலும் வளர்ச்சி ஒரே மாதிரி இல்லை. சில ஒரு நாள் முந்தியிருந்தன, சில பிந்தியிருந்தன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்லூரி வண்டிதான் ராசிபுரம் பக்கத்து ஹேச்சரி ஒன்றிலிருந்து முட்டையை எடுத்து வரும். டிரைவர் காலையில் முட்டையை ஏற்றிக்கொண்டு, மூன்று நான்கு இடத்தில் மற்ற சாமான்களையும் ஏற்றி, உச்சி வெயிலில் வந்து சேர்வார். தை மாதத்துக் குளிரில் அது பரவாயில்லை. பங்குனி வெயிலில் மூடிய வண்டிக்குள் முட்டை சூடேறி, இயந்திரத்தில் வைக்கும் முன்பே கரு பாதி விழித்துக்கொள்ளும். அப்படி அரைகுறையாக விழித்துக்கொண்டது நிலைக்காது. எங்கள் ஹேச்சரியில் முட்டை வண்டி விடியற்காலையில்தான் வரும், வந்ததும் நேராகக் குளிர் அறைக்குப் போகும். இது அங்கே மாடு மேய்த்தவருக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அவள் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஹேச்சரி வீடுதானே. இதப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லாமல் விட்டது வேறு கணக்கு. அவள் கேட்டாள்.

"கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்திருக்கும். இன்குபேட்டர்ல சூடு நிக்கல போலிருக்கு. அதப் பாரு" என்றேன்.

என்னை நம்பினாள். இரண்டு வாரம் இன்குபேட்டரோடு மல்லுக்கட்டினாள். புதிய யுபிஎஸ் வாங்க எழுதிக் கொடுத்து, கடிதத்தோடு மாடி ஏறி இறங்கி வாங்கிவிட்டாள். உள்ளே நான்கு மூலையிலும் தெர்மாமீட்டர் வைத்து மணிக்கு ஒரு தரம் குறித்தாள். அவள் முகம் வாடியது. நான் என் சிப்போடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பல நாள் வயிற்றுவலிக்குப் பிறகு வலி நின்றால் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. அந்த வாரங்களில் நன்றாகத் தூங்கினேன்.

யுபிஎஸ் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றே அவள் நினைத்தாள். அறுவைச் சிகிச்சைத் துறையிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார்கள். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்த அம்மா, ஐம்பது வயதிருக்கும். கன்னத்தின் உள்பக்கம் புற்று. எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம் வாங்க வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் போனாள்; சாட்சிக் கையெழுத்துக்கு நானும் போனேன். வழக்கமாக இதை நாங்கள் நின்றுகொண்டே முடிப்போம். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என் கட்டிய முட்டையில வெச்சா அது வளருமா?" என்று அந்த அம்மா கேட்டார். கன்னம் வீங்கியிருந்ததால் வார்த்தை ஒரு பக்கமாக வந்தது.

"வளரும்மா. அது வளர்ந்தாதான், உங்க ரத்தத்துல இருக்கிற அணு அதோட சண்டை போடுமான்னு எங்களுக்குத் தெரியும்."

"குஞ்சு வெளிய வந்துருமா?"

"வராது. அதுக்கு முன்னாடியே எடுத்துருவோம்."

"பாவம்" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு இதுல ஏதும் ஆகுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு உடனே ஆகாதும்மா. இது சரியா வந்தா, பின்னாடி வர்றவங்களுக்கு ஆகும்."

அவர் விரலில் மை தொட்டுப் படிவத்தில் வைத்தார். அவள் அந்த விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டாள். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடத்தில் எந்த நோயாளியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்கும் எரிந்தது எனக்கு.

அறுவைச் சிகிச்சைக்குப் பத்து நாள் முன்பு அந்த அம்மாவுக்கான முட்டைகள் வந்தன. வண்டி நின்றபோது மணி ஒன்றரை. நான் தற்செயலாக வாசலில் இருந்தேன். டிரைவர் முட்டை அட்டைகளை இறக்கி வைத்தார். ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சூடு தெரிந்தது. ஏதோ இப்போதுதான் கோழி அதன் மேலிருந்து எழுந்து போனது போல. அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சொல்வதற்குப் பத்து முழு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு முறையாவது அவள் என் மேஜையைக் கடந்து போனாள். நான் சொல்லவில்லை.

திசு வந்த அன்று, தேறிய முட்டைகளில் நல்லதாகப் பன்னிரண்டைப் பொறுக்கி ஒவ்வொன்றிலும் அரிசி அளவுத் துண்டை வைத்தாள். மறுநாள் நான்கு செத்தன. மூன்றாம் நாளுக்குள் மொத்தம் ஒன்பது. ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாவது முயற்சிக்குத் துண்டு கிடையாது. அறுவைச் சிகிச்சை ஒரு முறைதான் நடக்கும்.

அவள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வார்டுக்குப் போனாள். ஏனோ நானும் கூடப் போனேன். அந்த அம்மா பாதி முகம் கட்டோடு படுத்திருந்தார்.

"அம்மா, நீங்க கொடுத்தத என்னால காப்பாத்த முடியல. எல்லா முட்டையும் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்த அம்மாவால் பேச முடியவில்லை. கையை நீட்டி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. துறையில் எல்லோரையும் அழைத்திருந்தேன். நான்கு பேர் வந்தார்கள், அவளும் வந்தாள். விருந்து முடிந்து பந்தலில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்தவன், அவள் முட்டையில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாரோ சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"முட்டையெல்லாம் எப்படிங்க வருது?"

"காலேஜ் வண்டியில அண்ணா. மத்தியானம் வந்துரும்."

"மத்தியானத்துலயா? பங்குனி சித்திரையிலயுமா?"

"ஆமாங்கண்ணா. ஏன்?"

"அப்பறம் எங்கீங்க பொழைக்கும்? வெயில்ல வந்தா வழியிலயே கரு முழிச்சுக்குமுங்க. விடியறதுக்கு முன்னாடி எடுத்து, குளுமையாக் கொண்டாந்து வெக்கோணும். இது அம்மிணிக்குத் தெரியுமே. எங்கய்யன் ஹேச்சரி வெச்சிருந்தப்போ இவதான் முட்டை பார்ப்பா." என்னைப் பார்த்துக் கேட்டான், "ஏன் அம்மிணி, நீ சொல்லலியா?"

நான் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை எடுத்து மடித்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணனிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். எவ்வளவு சூட்டில் வைக்க வேண்டும், எத்தனை நாள் வைக்கலாம் என்று. கைபேசியில் குறித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றாள். அவள் பேச்சில் வழக்கமான சத்தம் இல்லை.

திரும்பி வரும்போது ஒரே கார். ஓட்டியவரைத் தவிர முன்னால் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். பின் இருக்கையில் எனக்கும் அவளுக்கும் நடுவில் தாம்பூலப் பைகள் இருந்தன. ராசிபுரம் தாண்டியதும் அவள் ஒரு பையை நகர்த்தி வைத்தாள்.

"தெரியும்தானே?" என்றாள்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் தட்டு பார்த்ததுல இருந்து."

"அந்தம்மாவோட முட்டை வந்தப்போ?"

"அப்பவும் தெரியும். கையில எடுத்துப் பார்த்தேன். சூடா இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரவள்ளிக் காடு ஓடிக்கொண்டிருந்தது. "என் மேல என்ன கோபம்?" என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்.

"கோபம் இல்ல. பொறாமை."

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னால் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை.

"எனக்கும் உங்க மேல இருந்துச்சு" என்றாள். "நான் வந்தப்போ எல்லாரும் மேடத்தோட சிப்பு, மேடத்தோட சிப்புன்னுதான் சொன்னாங்க. நான் அத உடைக்கலியே."

சேலம் வந்ததும் தாம்பூலப் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் நானே தலைவர் அறைக்குப் போனேன். நல்ல மனசால் போனேன் என்று சொன்னால் பொய். அவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாளோ என்ற பயம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த ஆத்தூர் அம்மாவோட திசுவும் இதுலதான் போச்சா?"

"ஆமா சார்."

"இதையெல்லாம் எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். நெறிமுறைக் குழுவில் ஏழு பேர் முன்னால் உட்கார்ந்து அதையே மறுபடியும் வாயால் சொன்னேன். ஆறு மாதம் நோயாளிகளின் திசு எதையும் நான் தொடக் கூடாது என்றார்கள். நோயாளியிடம் நானே நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்த அன்று புறநோயாளிப் பிரிவு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கன்னத்தில் தையல் ஆறியிருந்தது, பேச்சு தேறியிருந்தது. முழுக்கக் கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து அழுதுச்சு. நீ அது பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாங்க."

அவர் தன் மடியில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திசுவைத் தொடக் கூடாது என்றால் லேபில் எனக்கு வேலையே இல்லை. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, அவளிடம் போய், "முட்டை நான் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "கொண்டு வாங்க மேடம்" என்றாள். அந்தக் கார் பயணத்துக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

வியாழக்கிழமைதோறும் விடியலில் கிளம்பி, அண்ணனுக்குத் தெரிந்த ஒரு ஹேச்சரியில் போய் நின்றேன். முட்டைகளை ஒவ்வொன்றாக நானே பார்த்துப் பொறுக்கினேன். தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் பை, ஐஸ் முட்டையில் படாமல் நடுவில் துணி. ஏழரைக்குள் லேபில் இறக்கி, கூர் முனை கீழே இருக்கும்படி தட்டில் நிறுத்தி, குளிர் பெட்டியில் வைப்பேன். வைக்கிற அன்று வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே இன்குபேட்டர். அவள் வந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வாள். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. வைகாசி வெயிலிலும் முட்டைகள் உயிரோடு நின்றன. பத்துக்கு ஒன்பது.

முட்டை நின்றதும் அவள் வேலை ஓட ஆரம்பித்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் மைக்ரோஸ்கோப் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவளும் தலைவரும் நின்றிருந்தார்கள். தலைவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். திரையில் புதிதாகச் சேர்ந்த ஒரு நோயாளியின் கட்டி, மருந்து கொடுக்காத முட்டையில். பச்சையாக ஒளிர்கிற எதிர்ப்பு அணுக்கள் கட்டியைச் சுற்றி வேலிக்கு வெளியே நிற்கிற கூட்டம் போல நின்றன, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அவள் அடுத்த படத்தைப் போட்டாள். அதே நோயாளி, மருந்து கொடுத்த முட்டை. பச்சைப் புள்ளிகள் கட்டியின் நடுவரைக்கும் இறைந்து கிடந்தன.

தலைவர் அவள் தோளில் தட்டினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு தெளிவான ஒன்றை என் சிப் ஒருபோதும் காட்டியதில்லை, காட்டவும் போவதில்லை என்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அந்த முட்டைகள் என் கையால் பொறுக்கியவை. ஆனால் அந்தப் படம் என்னுடையது இல்லை. நெஞ்சில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. இவ்வளவு நடந்த பிறகாவது அது வற்றியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். வற்றவில்லை. மறுவாரமும் முட்டை கொண்டு வந்தேன்.

கட்டுரை எழுதியபோது ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில், முட்டைகளைத் தேர்ந்து கொண்டு வந்ததற்காக என்று ஒரு வரி இருந்தது. தலைவர் அதைக் காட்டி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. சம்மதம் என்றேன்.

அடுத்த வருடம் அவளுக்கு வேறு ஊரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் முட்டை அறைச் சாவியை என் மேஜையில் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

"இங்க வேற யாருக்கு முட்டை தெரியும்? சாரும் உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாங்க." போகத் திரும்பியவள் நின்று, "வெயில் காலத்துல ஈரப்பதம் கொஞ்சம் கூட்டி வெக்கணும். நோட்டுல எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவ பாருங்க, தப்பா இருந்தா திருத்திருங்க" என்றாள்.

பார்த்தேன். இரண்டு இடத்தில் திருத்தினேன். திருத்தியதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் குறி பதிலாக வந்தது.

இப்போது முட்டை அறை என் பொறுப்பில் இருக்கிறது. சிப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போன வாரம் துறையின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அவள் இப்போது இருக்கிற ஊரில், மருந்து தொடங்குவதற்கு முன் இந்த முட்டை முறையில் சோதித்துப் பார்க்க மருத்துவர்கள் முயற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் படமும் இருந்தது. அதைப் பார்த்தபோது நான் ஒரு லாரி டிரைவரின் நுரையீரல் கட்டித் துண்டுகளை முட்டைகளில் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது எரிச்சல்தான். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி முட்டைகளை முடித்தேன். கையுறையைக் கழற்றி, கை கழுவி, டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். அவள் செய்தது நல்ல காரியம் என்று மனசு தயங்காமல் ஒப்புக்கொள்ளச் சாயங்காலம் வரை ஆயிற்று. அதன் பிறகுதான் குழுவில் வாழ்த்து எழுதினேன்.